பதிலை வாங்கிக்கொள்ளாத சீடர்

குரு என்றதும் ஆலமரத்தடியும் வெண்தாடியும் மனதில் வந்தால், இரண்டையும் இப்போதே ஓரமாக வைத்துவிடுவது நல்லது. இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்து நாலு வயது. பெண். பெயர் தில்ஷாத். பகலெல்லாம் ஒரு மென்பொருள் கம்பெனியில் மாடாய் உழைத்துவிட்டு, சாயங்காலம் திருச்சி புத்தூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒரு மாடி அறைக்கு வருவார். அங்கே அவருக்குச் சம்பளம் கிடையாது. சீடர்தான் உண்டு.

சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. பெயர் சிவசைலம். அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அவர்களுடைய போன் அதை வாய்விட்டுப் படிக்கிற மாதிரி செய்து தருவதற்காக அந்த மாடி அறையைத் தானே வாடகைக்கு எடுத்து நடத்தி வந்தார்.

நல்ல மனுஷர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எதிரே வருகிற எல்லோரிடமும் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பார். பதில் வருவதற்குள் நாலடி தாண்டிப் போயிருப்பார். அலுவலகத்தில் இருந்த காலத்தில் கூட்டம் போட்டு ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்பாராம். கூட்டத்தின் முடிவு முந்தின நாளே டைப்பாகி அவருடைய சட்டைப் பையில் இருக்குமாம். இதை அவரிடமே சொன்னால், “ஆனா கேட்டேன்ல?” என்பார்.

அந்த வருஷம் அவருடைய கவலையெல்லாம் அனுசியாவைப் பற்றித்தான்.

அனுசியாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் தேறி, வரலாற்றில் மட்டும் விழுந்துவிட்டாள். மறுதேர்வு எழுதினாள், அதிலும் விழுந்தாள். இந்தத் தடவையும் போய்விட்டால் படித்தது போதும், அண்ணன் கடையில் உட்கார்ந்து போன் எடுத்துப் பேசட்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவளுக்கோ சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசை. ஆசை என்றால் சும்மா ஆசை இல்லை. அதைப் பற்றிப் பேசும்போது குரல் நடுங்குகிற மாதிரியான ஆசை.

வரலாற்றில் மட்டும் ஏன் விழுகிறாள்? சிவசைலம் யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அவளிடம் நல்ல குறிப்புகள் இல்லை.

ஊரில் பேர்போன ஒரு வரலாற்று ஆசிரியர் தட்டச்சு செய்து வைத்திருந்த குறிப்புகள் அவரிடம் இருந்தன. அருமையான குறிப்புகள்தான். ஆனால் பழைய காலத்து எழுத்துருவில் அடித்தவை. திரையில் ‘அம்மா’ என்று தெரியும். உள்ளே இருப்பதோ எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, கடைசியில் எச். கண் உள்ளவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. போன் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். ஒரு பக்கம் கேட்டால் தலைவலி நிச்சயம். இதை மாற்றித் தருகிற இணையப் பக்கங்களும் இருக்கின்றன. ஆனால் அந்த ஆசிரியர் வருஷத்துக்கு ஒரு எழுத்துருவாக எல்லாவற்றையும் கலந்து அடித்திருந்தார். இணையப் பக்கங்கள் கையை விரித்துவிட்டன.

இதெல்லாம் இருக்கட்டும். அனுசியா சொன்ன காரணமே வேறு.

“பாடம் எனக்கு நல்லாத் தெரியும் சார். பரீட்சையில நான் சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதுவாங்க இல்ல, அவங்களுக்குச் சொல்றதுதான் வரமாட்டேங்குது. மத்ததுலெல்லாம் சின்னச் சின்ன பதில், வரலாறுலதான் பக்கம் பக்கமா சொல்லணும். பாதி சொல்லும்போது முன்னாடி சொன்னதை மாத்தணும்னு தோணுது. எங்க நிறுத்தினேன்னு மறந்துபோகுது. நேரம் போயிடுது. யாராச்சும் ஒருத்தர் எதிர்ல உக்காந்து எழுதினா பழகிக்குவேன்.”

சிவசைலம் இதை ஆதரவாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். தலையாட்டியது அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

“செஞ்சுடலாம்மா. முதல்ல குறிப்பு வரட்டும். குறிப்பு இல்லாம எதைச் சொல்லுவே?” என்றார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அனுசியா வருவாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் “வேற ஏதாவது வேணுமாம்மா?” என்று கேட்பார். அவள் இதையே சொல்வாள். அவர் குறிப்பு எந்த அளவில் இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்துவிடுவார்.

குறிப்போ எந்த அளவிலும் இல்லை.

தில்ஷாத் அவருக்கு ஒரு எடிட்டரைப் பழக்கிக் கொடுத்திருந்தார். எழுத்துகளைத் தட்டவும் திருத்தவும் பயன்படுகிற சாதாரண எடிட்டர்தான். பழைய எழுத்துரு எதுவும் அதற்குத் தெரியாது; உள்ளே இருக்கும் எம்மையும் கேயையும் அப்படியே காட்டும். ஆனால் அதற்கென்று சொந்தமாக ஒரு குட்டி மொழி உண்டு. செய்ய வேண்டிய வேலையை அந்த மொழியில் எழுதி ஓட்டினால் ஆயிரம் பக்கத்தையும் அதுவே திருத்தித் தள்ளிவிடும். அந்த மொழியோடு கூடவே ஒரு பட்டாளம் ஃபங்ஷன்கள் வருகின்றன. ஒரு வரியை எடுத்துத் தர ஒன்று, எழுத்தை எண்ணித் தர ஒன்று, அடுக்கி வைக்க ஒன்று, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டுத் தர ஒன்று. யாரும் புதிதாக எழுத வேண்டாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று உதவிப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு திங்கட்கிழமை சீடர் குருவிடம் வந்து நின்றார். முகம் ஏற்கனவே சிவந்திருந்தது.

“இந்த சப்ஸ்டிட்யூட்டுங்கிற ஃபங்ஷன் வேலை செய்யல.”

“செய்யுது சார்.”

“நான் ஓட்டிப் பார்த்துட்டுத்தாம்மா சொல்றேன். எம் வந்தா அ போடுன்னு எழுதியிருக்கேன். ஓடுது. முடியுது. ஒரு எழுத்துகூட மாறல.”

“அது மாத்திக் குடுக்குது. நீங்கதான் வாங்கி வச்சுக்கணும்.”

“அதான் மாத்தவே இல்லைங்கிறேனே.”

குரு தன் வேலையை நிறுத்தினார்.

“உதவிப் பக்கம் படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“என்ன போட்டிருக்கு?”

சீடர் சொன்னது முதல் வரி. இரண்டாவது வரியில் என்ன இருக்கிறது என்று குரு கேட்டார். இரண்டாவது வரி என்று ஒன்று இருக்கிறதா என்று சீடர் கேட்டார். குரு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சிவசைலத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் கோப்பு பார்த்தவர். எதிரே நிற்பவன் பொய் சொல்கிறானா என்பதை நின்ற நிலையிலேயே கண்டுபிடிக்கிறவர். அவரை ஒரு ஃபங்ஷன் ஏமாற்றுகிறது. தப்பு செய்திருந்தால் சிவப்பில் தப்பு என்று காட்டித் தொலைக்கலாம் அல்லவா? அதுவும் இல்லை. எல்லாம் சரியாக நடந்தது என்ற பாவனையில் கர்சர் அமைதியாக மினுக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கர்சரைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டு நாள் கழித்து வேறு ஒரு வம்பு.

கேள்விகளையெல்லாம் பாட வரிசைப்படி ஒரு பட்டியலாக்கி வைத்திருந்தார். ஒரே கேள்வி இரண்டு தடவை வந்திருக்கிறதா என்று பார்க்க, அகரவரிசையில் ஒருமுறை அடுக்கிப் பார்க்கலாமா என்று குருவிடம் கேட்டார். நகல் எடுத்து அதை அடுக்குங்கள், அடுக்குகிற ஃபங்ஷன் கையில் கொடுத்த பட்டியலையே கலைத்துவிடும் என்று குரு சொன்னார். சொல்லி முடிக்கும்போது சீடர் தன் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். பட்டியலையே அடுக்கினார். பாட வரிசை போயே போய்விட்டது.

“என்னம்மா அநியாயம் இது. அந்த சப்ஸ்டிட்யூட் காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் மாத்தமாட்டேங்குது. அடுக்கித் தர்ற இந்த சார்ட்டு, சும்மா பாக்கலாம்னு கூப்பிட்டா மொத்தத்தையும் மாத்திடுது. ஒரு முறை வேண்டாமா? ஒரு நியாயம் வேண்டாமா? இதையெல்லாம் யார் எழுதினது?”

“நகல் எடுங்கன்னு சொன்னேன்.”

“எப்ப?”

குரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். கோபத்தை அடக்குகிறவர்கள் இப்படித்தான் தாகமில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள்.

பிறகு கொஞ்சம் மனம் இரங்கி, ஒரு கதை சொல்ல ஆரம்பித்தார்.

“ஒருத்தர் நம்ம கீழ ஜெராக்ஸ் கடைக்கு ஒரு தாளைக் கொண்டுபோனாரு சார். எழுத்து பொடிசா இருக்கு, இதைப் பெருசா ஒரு காப்பி போட்டுக் குடுங்கன்னாரு. கடைக்காரர் போட்டாரு. இவரு...”

“ஏம்மா, பரீட்சைக்கு நாள் கிட்ட வந்துடுச்சு. எனக்கு இப்ப கதை கேக்க நேரமிருக்கா?”

குரு நிறுத்திவிட்டார். கடைசி வரை அந்தக் கதையை அவர் முடிக்கவே இல்லை. பிற்பாடு சிவசைலம் எவ்வளவோ கேட்டும் பார்த்தார்.

அன்றிரவு சீடர் ஒரு முடிவுக்கு வந்தார். கூடவே வந்த ஃபங்ஷன் எதையும் நம்பி இனிப் பிரயோஜனமில்லை. தனக்கு வேண்டியதைத் தானே எழுதிக்கொள்வது. மறுநாள் குருவிடம் அறிவித்தார். கிட்டத்தட்ட உத்தரவு போடுகிற தோரணை.

“சொந்தமா ஒரு ஃபங்ஷன் எழுதப்போறேன். ஒவ்வொரு எழுத்தா எடுத்து, ஒவ்வொன்னா மாத்துற மாதிரி. என்னம்மா சொல்றே?”

“இருக்கிறதை எப்படிக் கூப்பிடணும்னு தெரியாம புதுசா எழுதினா, அதையும் அப்படித்தான் கூப்பிடுவீங்க.”

“நல்லது. அப்ப இன்னைக்கே ஆரம்பிச்சுடறேன்.”

குரு இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் சிவசைலம் எழுதினார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. உயிரெழுத்துக்குத் தனி, மெய்யெழுத்துக்குத் தனி. பழைய எழுத்துருவில் கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கும். அதைப் பிடித்துப் பின்னால் தள்ள வேண்டும். அதையும் யோசித்து எழுதினார். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறேன் என்பார், சாதம் ஆறிப்போகும். கழுத்து பிடித்துக்கொண்டது. எல்லாம் முடிந்து, ஒரு நல்ல நேரம் பார்த்து ஓட்டினார்.

ஓடியது. முடிந்தது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. கர்சர் மினுக்கியது.

சனிக்கிழமை அனுசியா வந்தபோது அவளிடம், அடுத்த வாரம் கட்டாயம் என்றார். அவள் பரவாயில்லை சார் என்றாள். ஒரு அரை மணி நேரம் யாராவது எழுதினால்கூடப் போதும் என்றும் சொன்னாள். அவர் அதற்குள் போனில் யாரிடமோ கழுத்து வலிக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சற்று நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மடக்குக் கோலை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். குரு வாசல் வரை கூடப் போய்விட்டு வந்தார். வந்தவர் முகம் நன்றாக இல்லை.

சீடர் குருவின் மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இன்னைக்கு எனக்கு விடை தெரிஞ்சாகணும். ஏன் மாறமாட்டேங்குது? ஒரே வார்த்தையில சொல்லு.”

குரு அவர் எழுதிய நிரலைத் திரையில் திறந்து பார்த்தார். மேலிருந்து கீழாக நகர்த்திக்கொண்டே கேட்டார்.

“மணி என்ன சார்?”

சிவசைலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சே முக்கால்.”

குரு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் போனது.

“மணி என்ன சார்?”

“அஞ்சே முக்கால்னு சொன்னேனேம்மா.”

குரு இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். நேரமாகிவிட்டதோ என்னவோ என்று தனக்குள் முணுமுணுத்தார். மணி தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றார். பிறகு மிகவும் மரியாதையாக அவர் பக்கம் திரும்பினார்.

“சார், மணி என்ன?”

சிவசைலத்துக்குப் பொறுமை போயே போய்விட்டது. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்களைக்கூட அவர் அப்படிச் சத்தம் போட்டதில்லை.

“உனக்குக் காது கேக்குதா இல்லையா? கேக்குறே. சொல்றேன். நீ பாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிறே. வாங்கிக்கிற எண்ணமே இல்லாதவளுக்கு எதுக்கு இந்தக் கேள்வி?”

குரு பேனா முனையால் திரையில் ஒரு வார்த்தையைத் தொட்டார். சிவசைலம் எழுதிய நிரலில் மாற்றுகிற ஃபங்ஷனின் பெயர் வருகிற ஒவ்வொரு இடத்திலும், அதற்கு முன்னால் அந்த வார்த்தை இருந்தது. கால். ஃபங்ஷனைக் கூப்பிடு என்று அந்த மொழியில் சொல்கிற ஆங்கில வார்த்தை.

“இதுக்கு என்ன அர்த்தம்னு உதவிப் பக்கத்துல பாருங்க சார். சத்தமாப் படிங்க.”

சிவசைலம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கூப்பிடு; அது திருப்பித் தருவதைக் கண்டுகொள்ளாதே. அவ்வளவுதான் அர்த்தம். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தவர் பாதியில் மெதுவாகப் படித்தார்.

பிறகு சப்ஸ்டிட்யூட் ஃபங்ஷனின் உதவிப் பக்கத்துக்குப் போனார். இரண்டாவது வரி என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. கொடுத்த வரியை அது தொடவே தொடாது. அதைப் பார்த்து, மாற்றியெழுதிய வேறொரு வரியைத் தயார் செய்து நீட்டும். வேண்டுமென்றால் அதற்கு ஒரு பெயர் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, பழைய வரி இருந்த இடத்தில் நாம்தான் போட வேண்டும். முதல் திங்கட்கிழமையிலிருந்து அது ஒழுங்காக நீட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. ஒவ்வொரு வரியையும் சொன்னபடி மாற்றி, ஆயிரக்கணக்கான தடவை நீட்டியிருக்கிறது. ஆயிரக்கணக்கான தடவையும் இவர் கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல?” என்றார் சிவசைலம்.

“முதல் நாளே சொன்னேன் சார்.”

சிவசைலம் யோசித்துப் பார்த்தார். சொன்ன மாதிரியும் இருந்தது.

அதற்கு மேல் வேலை சுருக்காக முடிந்தது. தான் எழுதிய சொந்த ஃபங்ஷனைத் தூக்கி எறிந்துவிட்டு, கூடவே வந்ததையே கூப்பிட்டு, தந்ததை வாங்கி வைத்தார். ஓட்டினார். கண்ணெதிரே பக்கம் பக்கமாக எல்லாம் மாறியது. தாளில் அடித்துப் பார்த்தால் முன்பு இருந்த அதே எழுத்துதான். ஆனால் போனில் போட்டதும் அது கணீரென்று தமிழில் படித்தது. சிவசைலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். இன்னொரு போனில் மனைவியைக் கூப்பிட்டு, படித்துக்கொண்டிருந்த போன் அருகே அதைப் பிடித்தார்.

சனிக்கிழமை அனுசியா வந்தாள். அவளை உட்கார வைத்து, குறிப்பை அவள் போனில் ஏற்றி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொள்ளச் சொல்லி, எதிரே நின்றுகொண்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவள் ஒரு பாடத்தைக் கேட்டாள். விரலால் தள்ளி இன்னொன்றைக் கேட்டாள்.

“நல்லா இருக்கு சார். தெளிவாப் படிக்குது.”

“முப்பத்தஞ்சு வருஷ அனுபவம் அந்த வாத்தியாருக்கு. இனிமே உனக்குக் கவலையே இல்ல. வேற ஏதாவது வேணுமாம்மா?” என்று கேட்டுவிட்டு, மற்றப் பாடங்களை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

“சார்.”

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. சிவசைலம் நிறுத்தினார்.

“இதெல்லாம் எனக்குத் தெரியும் சார். ஏதாவது ஒரு கேள்வி கேளுங்க.”

அவர் கேட்டார். வேலூர்ப் புரட்சிக்கான காரணங்கள். அவள் சொன்னாள். தலைப்பாகை, தோலில் செய்த சின்னம், கோட்டைக்குள் இருந்த திப்புவின் பிள்ளைகள் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். குறிப்பில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். இன்னொரு கேள்வி கேட்டார். அதையும் சொன்னாள்.

இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் சிவசைலத்துக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. கழுத்து வலி, ஆறிப்போன சாதம், அந்தக் கர்சர். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் குருவின் பக்கம் திரும்பினார்.

“எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஃபெயிலாகுறா. குறிப்பும் வேண்டாமாம். அப்ப இவளுக்கு என்னதாம்மா வேணும்? வர்றப்பல்லாம் கேட்டேனே நான். ஒரு தடவையாவது கேக்காம விட்டிருக்கேனா?”

“இல்ல சார்,” என்றார் குரு. “ஒரு தடவைகூட அவ சொல்லாமயும் விடல.”

சிவசைலம் அனுசியாவின் பக்கம் திரும்பினார்.

அனுசியா பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். போனை அணைத்துவிட்டாள். தன்னால் இரண்டு பெரியவர்களுக்குள் சண்டை வந்துவிட்டதே என்று அவளுக்குப் பயம். நான் அப்புறம் வருகிறேன் என்று கோலைத் தேடினாள்.

“இரும்மா,” என்றார் சிவசைலம்.

 பிறகு நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டார். பிரின்டரிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்தார். பேனா எழுதுகிறதா என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார்.

“நான் எழுதுறேன். எப்படி எழுதணும், சொல்லு.”

அவள் நம்பாதவள் மாதிரி முகத்தைத் தூக்கினாள். பிறகு விதிகளைச் சொன்னாள். பரீட்சை அறையில் எழுதுகிறவர் பேசக்கூடாது. அவள் சொல்வதை மட்டும் எழுத வேண்டும். தப்பாகச் சொன்னாலும் அப்படியே எழுத வேண்டும். எடுத்துக் கொடுக்கக்கூடாது, திருத்தக்கூடாது, உச்சுக் கொட்டக்கூடாது. போன தடவை வந்தவர் உச்சுக் கொட்டிக் கொட்டியே தனக்குப் பாதி மறந்துபோனது என்றாள்.

இதுவும் இவர் கேள்விப்படாத செய்தி. எல்லாம் முன்பே சொல்லியிருப்பாளோ என்னவோ.

குரு ஒரு கேள்வியைப் படித்தார். அனுசியா ஆரம்பித்தாள்.

ஆரம்பமே தகராறு. முதல் காரணத்தை விட்டுவிட்டு மூன்றாவதைச் சொன்னாள். இல்லை, அதை அடித்துவிடுங்கள் என்றாள். அடித்தார். பிறகு அதையே வேறு மாதிரி சொன்னாள். ஒரு வாக்கியம் பாதியில் அந்தரத்தில் நின்றது. அந்த வாக்கியத்துக்கு அடுத்த வார்த்தை என்ன என்று சிவசைலத்துக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. வாயைத் திறந்தார். குரு அவரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. எழுதும் கை மட்டும் காத்திருந்தது.

அனுசியா தானாகவே அந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்து முடித்தாள். சுமாராகத்தான் முடித்தாள். அவர் சுமாராகவே எழுதினார்.

அடுத்த பத்தியில் அவளுக்குக் கொஞ்சம் வேகம் வந்தது. எங்கே புள்ளி, எங்கே புது வரி என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னாள். சிவசைலம் தப்பான வருஷத்தை எழுதினார். அது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் முடிந்து தாளைத் திருப்பினார். பேனா ஓடுகிற சத்தம்கூட வெளியே கேட்காத மாதிரி மெதுவாக எழுதினார்.

அவள் திடீரென்று நிறுத்தினாள். காதைக் கூர்மையாக்கிக்கொண்டு தலையைச் சாய்த்தாள். அந்த அறைக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து அவர் இவ்வளவு நேரம் சத்தமில்லாமல் இருந்து அவள் அறிந்ததே இல்லை.

“சார்?” என்றாள். “போயிட்டீங்களா?”

சிவசைலம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். குருவைப் பார்த்தார்.

“இங்கதாம்மா இருக்காரு,” என்றார் குரு. “நீ சொல்லு.”